மலைப் பாட்டும் பியானோவும்: ஒரு சுருதிக்காரனின் கடிதம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் வாசகர் பகுதியில் ஏற்காட்டில் நடந்த ஒரு விழாவைப் பற்றி வந்திருந்த கடிதத்தைப் படித்தேன். மலைக்கிராமத்துப் பெண்கள் பாடும் பாட்டை ஓர் இளைஞர் மேடையில் பியானோவில் வாசித்தாராம். கம்பங்கூழைக் கண்ணாடிக் கோப்பையில் ஊற்றிக் கரண்டி போட்டுக் கொடுத்தது போல இருந்ததாம். நாட்டுப்பாட்டை வெள்ளைக்காரன் பெட்டிக்குள் அடைப்பதை இத்தோடு நிறுத்த வேண்டுமாம். அந்த விழாவில் நானும் இருந்தேன். கடைசி வரிசை, தூணுக்குப் பக்கத்து நாற்காலி. அந்த வாசகர் முகம் சுளித்த இடங்களில் எல்லாம் நானும் சுளித்தேன். காரணம்தான் வேறு. அதைச் சொல்லவே எழுதுகிறேன். கடிதம் நீண்டுவிட்டால் வாலில் வெட்டிக்கொள்ளுங்கள். நடுவில் கை வைக்க வேண்டாம்.

என் தொழில் ஆர்மோனியமும் பியானோவும் பழுதுபார்ப்பது. செவ்வாய்ப்பேட்டையில் அப்பா வைத்திருந்த அதே கடை, அதே மரப்பலகை. அப்பா நாடகக் கம்பெனிக்காரர்களின் பெட்டிகளையும் பஜனை மடத்துப் பெட்டிகளையும் பார்த்தார். அகில இந்திய வானொலி 1940-ல் ஆர்மோனியத்துக்குத் தடை போட்டதைப் பற்றி அவர் அடிக்கடி பேசுவார். கட்டை வைத்த பெட்டியில் நம் கமகம் வராது, ஸ்வரம் வழுக்காது, ஆகவே அது நம் இசைக்கு ஆகாது என்பது அன்றைய வாதம். தடை தளர 1971 ஆனது. அந்த முப்பது ஆண்டுகளில் எங்கள் கடையில் வேலை குறையவில்லை என்பது தனிக்கதை. உங்கள் வாசகர் எழுதியதைப் படித்தபோது அப்பாவின் குரல்தான் காதில் விழுந்தது. பழைய வழக்கு, புதுப் பெட்டி.

பியானோ வேலையை நான் பெரியவர் ஒருவரிடம் இருபத்து மூன்று வயதில் கற்றேன். அதன் பிறகு நாற்பத்தோரு ஆண்டுகளாக, ஆண்டுக்கு இரண்டு முறையாவது, மழை ஓய்ந்த பிறகு ஒரு தடவை, கோடைக்கு முன்னால் ஒரு தடவை, சுருதிச் சாவியும் கம்பளித்துணிச் சீவல்களும் உள்ள பையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறுகிறேன். மலையில் பழைய தோட்டத்து பங்களாக்களில் இன்னும் சில பியானோக்கள் இருக்கின்றன. பெரும்பாலும் நிற்கும் வகை, சுவரோடு ஒட்டி வைத்தவை. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், மாதக்கணக்கில் பனிமூட்டம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து உட்காரும் ஊரில், பியானோவை உயிரோடு வைத்திருப்பது குழந்தை வளர்ப்பது போன்றது. ஒலிப்பலகை ஈரத்தை உறிஞ்சி உப்பும். நடுக்கம்பிகள் சுருதி ஏறும். கட்டைகள் ஒன்றோடொன்று உரசி, அழுத்தினால் எழும்பாமல் நிற்கும். சுத்தியல் கம்பளியைப் பூச்சி தின்னும். ஒரு வீட்டில் பெடலுக்குப் பின்னால் எலி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது, மெத்தையாக அது போட்டிருந்தது கிழிந்த நோட்டுத்தாள்கள். பெட்டிக்குள் அடிப்பக்கம் ஒரு நாற்பது வாட் குண்டு பல்பை எரியவிடச் சொல்வது எங்கள் வழக்கம். குண்டு பல்பு இப்போது எளிதில் கிடைப்பதில்லை என்பதும் எங்கள் தொழிலின் கவலைகளில் ஒன்று.

விஷயத்துக்கு வருகிறேன். மூன்றாண்டுகளுக்கு முன்னால், ஏரியிலிருந்து மேலே போகும் ஒரு பாதையில் உள்ள வீட்டில் வேலை. அந்த வீட்டு அம்மா குழந்தைகளுக்குப் பியானோ சொல்லித்தருபவர். சுருதி சேர்த்து முடித்ததும் நான் யாரிடமும் கேட்பது ஒன்றே: ஏதாவது வாசித்துக் காட்டுங்கள், காது சொல்லட்டும். அவர் ஸ்டூலின் மூடியைத் திறந்து, ஓரமெல்லாம் பழுப்பேறிய ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். அட்டையில் இருந்த எழுத்து எனக்குத் தெரிந்த எந்த எழுத்தும் இல்லை. வளையம் வளையமாக, கொக்கி கொக்கியாக, குதிரை லாடங்களை வரிசையாக அடுக்கியது போல இருந்தது. ஆர்மீனிய எழுத்து என்றார். அவருடைய அத்தை கல்கத்தாவில் இருந்தபோது ஓர் ஆர்மீனியரிடம் பியானோ கற்றாராம். அந்த ஊரில் ஆர்மீனியர்களுக்கு 1821 முதலே ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. அத்தை போனபின் புத்தகம் இந்த ஸ்டூலுக்கு வந்து சேர்ந்தது. உள்ளே இருந்தவை ஆர்மீனியக் கிராமத்துப் பாட்டுகள், பியானோவுக்காக எழுதப்பட்டவை.

அவர் வாசிக்க ஆரம்பித்ததும் நான் பையை மூடுவதை நிறுத்திவிட்டேன். இடது கை ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு நகரவே இல்லை. அதற்கு மேலே வலது கை நாலைந்து கட்டைகளுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தது. ஐயா, அது ஒத்து! கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவில் நாயனக்காரருக்குப் பக்கத்தில் கன்னம் உப்ப ஒருவர் ஒரே ஸ்வரத்தை ஊதிக்கொண்டு நிற்பாரே, அந்த ஒத்து. நான் அதைச் சொன்னதும் அந்த அம்மா சிரித்தார். ஆர்மீனியர்களுக்கு தூதூக் என்று ஒரு குழல் உண்டு, வாதுமை இனத்து ஏப்ரிகாட் மரத்தில் கடைவது. நம் நாயனத்துக்கு ஆச்சா மரம் போல அவர்களுக்கு அது. தூதூக் வாசிப்பவர் பக்கத்தில் இன்னொருவர் மூச்சு விடாமல் ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டிருப்பாராம். அதற்குப் பெயர் தாம். பாட்டுகளைப் பியானோவுக்கு எழுதியவர் அந்தத் தாமை இடது கையில் வைத்துவிட்டார், அவ்வளவுதான்.

அப்படி எழுதியவர் பெயர் கோமிதாஸ். பாதிரியார். 1869-ல் துருக்கியில் கூத்தாஹியா என்ற ஊரில் பிறந்தவர். கைக்குழந்தையாக இருந்தபோதே அம்மா போய்விட்டார், பதினொரு வயதில் அப்பாவும். பன்னிரண்டு வயதில் ஆர்மீனியத் திருச்சபையின் தலைமையிடமான எச்மியாட்சினுக்கு அழைத்துப் போனபோது அவருக்கு ஆர்மீனிய மொழியே தெரியாது, துருக்கிதான் பேசினார். பொருள் தெரியாமல் ஓர் ஆர்மீனியத் துதிப்பாட்டைப் பாடிக் காட்டினாராம். அந்தக் குரலுக்காகவே சேர்த்துக்கொண்டார்கள். பின்னால் 1896 முதல் 1899 வரை பெர்லினில் சங்கீதம் படித்துவிட்டு வந்தார். அப்படிப் படித்து வந்தவர் ஒரு மாளிகையில் உட்கார்ந்து சிம்பனி எழுதியிருக்கலாம். இவர் கிராமம் கிராமமாக நடந்தார். பாதிரியாரைக் கண்டால் ஜனங்கள் பாட்டை நிறுத்திவிடுவார்கள் என்று, மறைவில் நின்று கேட்டு எழுதியதாகவும் சொல்வார்கள். எழுதுவதற்கு மேல்நாட்டு சங்கீதத்தின் ஐந்து கோடு தேவைப்படவில்லை. இஸ்தான்புல்லில் வாழ்ந்த ஹம்பார்த்சூம் என்ற ஆர்மீனியர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஏழு ஸ்வரத்துக்கு ஏழு குறிகள் வைத்து, கோடு போடாமல், கடிதம் எழுதும் வேகத்தில் பாட்டை எழுதிக்கொள்ள ஒரு முறை ஏற்படுத்தியிருந்தார். நம் சரிகமபதநி போலத்தான். அதில் கேட்டதை அங்கேயே பிடித்துக்கொள்ளலாம்.

இங்கேதான் என் கடிதத்தின் கரு இருக்கிறது. கோமிதாஸ் எழுதியது இரண்டு விதமான வேலை. முதல் வேலையில் பாட்டு மட்டும், அலங்காரம் இல்லாமல், எந்த ஊரில், எந்த வேலையின்போது பாடியது என்ற விவரத்தோடு. லோரி என்ற மலைப்பகுதியில் வர்தப்லூர் கிராமத்து உழவுப் பாட்டை எழுதியபோது, ஏர் எப்படிப்பட்டது, மாடுகள் எங்கே, ஆட்கள் எங்கே, யார் மாட்டை அதட்டுகிறார், யார் பாட்டை எடுக்கிறார் என்பதையும் சேர்த்தே ஆராய்ந்து எழுதினார். மாட்டை விரட்டும் கூவலும் பாட்டுக்குள் ஸ்வரமாக இருக்கிறது. பியானோ வந்தது இரண்டாவது வேலையில்தான். அதிலும் ஊர்ப்பெயர் போகவில்லை. அவருடைய பியானோ நடனங்களில் ஒன்று யெரெவானுடையது, இரண்டு ஷுஷியுடையவை, ஒன்று வாகர்ஷபாத்துடையது, இரண்டு காரினுடையவை. காரின் இன்றைய எர்சுரும். எந்தக் கருவி போல வாசிக்க வேண்டும் என்பதையும் தாளிலேயே குறித்திருக்கிறார்: இங்கே தார் என்ற நரம்புக் கருவி போல, இங்கே டாப் என்ற வட்டப் பறை போல, இங்கே குழல் போல. பியானோவை வைத்துப் பியானோ வாசிக்காதே என்று சொல்கிறார் மனிதர்.

அந்த அம்மா இன்னொன்றும் வாசித்துக் காட்டினார். மேலே பாட்டு, கீழே ச-வும் ப-வும் மட்டும். பல இடத்தில் அதுவும் இல்லை, வெறும் பாட்டு. நமக்குத் தேவாலயத்திலும் பள்ளிக்கூடத்திலும் கேட்டுப் பழகிய ச-க-ப என்ற மூன்று ஸ்வரக் கூட்டு எங்கும் இல்லை. ஏன் என்று கேட்டேன். ஆர்மீனியப் பாட்டு எட்டு ஸ்வர ஏணியில் ஏறுவதில்லையாம், நாலு நாலாகக் கோத்த சங்கிலியாம். ச ரி க ம என்று ஒரு நாலு, அந்த ம-விலேயே தொடங்கி ம ப த நி என்று அடுத்த நாலு. ஒன்றின் வால் இன்னொன்றின் தலை. கோமிதாஸே ஆராய்ந்து சொன்னது இது. அப்படிப்பட்ட பாட்டின் கீழே ச-க-ப-வை வைத்தால் தாவணிக்குக் கோட்டு மாட்டியது போல இருக்கும் என்று அவர் கண்டுகொண்டார்.

இப்போது நம் விழாவுக்கு வாருங்கள். அன்று வாசித்த இளைஞர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. நல்ல விரல்கள். ஆனால் கும்மிப்பாட்டு ஒவ்வொரு அடிக்கும் கீழே ச-க-ப, ம-த-ச, ப-நி-ரி என்று கிறிஸ்துமஸ் பாட்டுக்குப் போடுவது போலவே போட்டுக்கொண்டு போனார். அந்தப் பாட்டு ரி-யில் முடிகிற பாட்டு. முடிவில் ச-க-ப போட்டு அதை இழுத்துக் கொண்டுவந்து ச-வில் உட்கார வைத்தார். அழுகிற குழந்தையை நாற்காலியில் அமுக்கியது போல. என் முகம் சுளித்தது அங்கே. உங்கள் வாசகர் குற்றத்தைப் பெட்டியின்மேல் போட்டுவிட்டார். கம்பங்கூழ் கண்ணாடிக் கோப்பையில் கெடுவதில்லை ஐயா. மோருக்குப் பதிலாக அதில் பால் பவுடரைக் கலந்தால்தான் கெடும்.

ஆனால் அவர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். சென்ற ஆண்டு நானே முயன்று பார்த்தேன். வீட்டிலிருந்த சின்ன ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு, ஏற்காட்டைத் தாண்டி ஒரு மலையாளி ஊருக்குப் போனேன். வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன், இவர்கள் கேரளத்து மலையாளிகள் இல்லை. சேர்வராயன் மலையின் பழங்குடி மக்கள், பேச்சு தமிழ், முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று தங்கள் கதையில் சொல்வார்கள். காப்பித் தோட்டத்தில் எனக்குப் பழக்கமான ஒருவரின் தாயார் பாடுவார் என்று கேள்விப்பட்டிருந்தேன். எண்பது இருக்கும். திண்ணையில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்து, "ஆயா, ஒப்பாரி ஒன்று பாடுங்கள், எழுதிக்கொள்கிறேன்" என்றேன்.

என்னை மேலும் கீழும் பார்த்தார். "வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள், நீ யாருக்கு ஒப்பாரி கேட்கிறாய்?" என்றார்.

நான் வாயடைத்துப் போனேன். சாவு விழாத வீட்டுக்குள் ஒப்பாரி எடுக்கக்கூடாது என்பது எனக்குத் தெரியாததா? என் அம்மா இருந்திருந்தால் என்னைத் துடைப்பத்தால் அடித்திருப்பார். சரி, களை வெட்டும்போது பாடுவதைப் பாடுங்கள் என்றேன். "அது காட்டில் பாடுவது. இங்கே கையில் கொத்தும் இல்லை, பக்கத்தில் ஆளும் இல்லை, எப்படி வரும்?" என்றார். கடைசியில் பேத்தியின் குழந்தை தொட்டிலில் சிணுங்கியதால் ஒரு தாலாட்டு கிடைத்தது. குழந்தை தூங்கியதும் பாட்டு நின்றுவிட்டது. மிச்சத்தைக் கேட்டால், தூங்கிவிட்டதே என்கிறார்.

திரும்பி வந்து இதை அந்தப் பியானோ அம்மாவிடம் சொன்னேன். கோமிதாஸும் இதையே எழுதியிருக்கிறார் என்றார் அவர். கிராமத்தானுக்கு ஒவ்வொரு பாட்டுக்கும் இடமும் நேரமும் உண்டு, களத்துப் பாட்டை வீட்டில் உட்கார்ந்து பாடுவது அவனுக்குக் கேலிக்கூத்து என்று. நூறு வருடத்துக்கு முன்னால், எங்கோ காக்கசஸ் மலையடிவாரத்தில் ஒரு பாதிரியார் பட்ட பாட்டைத்தான் நானும் பட்டிருக்கிறேன் என்று தெரிந்தபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

அந்தத் தாலாட்டை ஆர்மோனியத்தில் பிடிக்க முயன்றேன். மொத்தம் நாலு ஸ்வரம். அதில் ஒரு க இருக்கிறது, இந்தக் கட்டையும் இல்லை, அந்தக் கட்டையும் இல்லை, இரண்டுக்கும் நடுவில். சாதாரண காந்தாரத்தை அழுத்தினால் அழுகைபோல ஆகிறது, அந்தர காந்தாரத்தை அழுத்தினால் சினிமாபோல ஆகிறது. ஆயாவிடம் வாசித்துக் காட்டினேன். "இது வேறு பாட்டு" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். உங்கள் வாசகர் பக்கம் இருக்கும் நியாயம் இதுதான். பியானோவில் எண்பத்தெட்டுக் கட்டை இருக்கிறது, இருநூற்றுக்கு மேல் கம்பி இருக்கிறது, நடுவில் இருக்கிற அந்தக் க இல்லை. ஆர்மீனியப் பாட்டுகளிலும் இப்படி நடுவில் நிற்கும் ஸ்வரங்கள் உண்டு. கோமிதாஸ் அதைப் பியானோவில் கொண்டுவந்துவிட்டதாகப் பாவனை செய்யவில்லை. பக்கத்து ஸ்வரத்தை ஒரு சின்னத் தட்டாகத் தொட்டுவிட்டுப் போகிறார், மற்றதைக் கேட்பவன் காதுக்கு விட்டுவிடுகிறார். நான் என் நோட்டில் க-வுக்குப் பக்கத்தில் கீழ்நோக்கி ஓர் அம்புக்குறி போட்டு வைத்திருக்கிறேன். பியானோ செய்யாததை நோட்டுப் புத்தகம் செய்யும்.

இதையே எல்லோரும் செய்திருக்கக்கூடாதா என்பதுதான் என் ஆதங்கம். சேலம் நூலகங்களில் நாட்டுப்பாடல் தொகுப்புகள் பலவற்றைப் புரட்டியிருக்கிறேன். தாலாட்டு, நடவு, ஏற்றம், கும்மி, ஒப்பாரி என்று வகை பிரித்து, உழைத்துச் சேர்த்திருக்கிறார்கள், அவர்களைக் கும்பிடுகிறேன். ஆனால் நான் பார்த்த புத்தகங்களில் இருப்பது சொல். மெட்டு இல்லை. ஏற்றப்பாட்டு என்று இரண்டு பக்கம் இருக்கிறது, அதை எப்படிப் பாடுவது என்று என் பேரனுக்குச் சொல்ல எனக்கு வழி இல்லை. ஏற்றமே இல்லாமல் போன பிறகு யாரைப் போய்க் கேட்பது? சட்டையைக் காப்பாற்றி மடித்து வைத்திருக்கிறோம், போட்டுக்கொண்டிருந்த ஆளைக் காணோம்.

செல்போனில் பதிவு செய்துகொண்டால் போதாதா என்று கேட்பார்கள். நானும் பதிவு செய்தேன், பேரனின் போனில். ஆயாவின் தாலாட்டு இரண்டு நிமிடம் நாற்பது நொடி. ஆடிப் பெருக்கன்று மேட்டூரில் அந்தப் போன் காவிரியோடு போய்விட்டது. பேரனுக்குப் போன் போன துக்கம், எனக்குத் தாலாட்டு போன துக்கம். அம்புக்குறி போட்ட நோட்டு மட்டும் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

தாளும் நிரந்தரம் என்று சொல்ல வரவில்லை. கோமிதாஸ் மூவாயிரத்துக்கு மேல் பாட்டுகளைச் சேகரித்தார் என்கிறார்கள், கைக்குக் கிடைத்தவை சுமார் 1,200. மிச்சம் எப்படிப் போயின என்பது கேட்கவே கஷ்டமான கதை. 1915 ஏப்ரல் 24 அன்று கான்ஸ்டான்டினோபிளில் (இன்றைய இஸ்தான்புல்) துருக்கி ஆட்சியாளர்கள் ஆர்மீனிய எழுத்தாளர்கள், ஆசிரியர்கள், மருத்துவர்கள் என்று இருநூற்றுக்கு மேற்பட்டவர்களைக் கைது செய்து உள்நாட்டுக்கு நாடுகடத்தினார்கள். அவர்களில் பெரும்பாலோர் திரும்பவில்லை. கோமிதாஸைச் சில வாரங்களில் திருப்பி அனுப்பினார்கள். உடம்பு வந்தது, மனம் வரவில்லை. கடைசி ஏறத்தாழ இருபது ஆண்டுகளை மருத்துவமனைகளில் கழித்து 1935-ல் பாரிஸில் இறந்தார். தாள்கள் நாலு திசையும் சிதறின. அவர் நடந்துபோய்ப் பாட்டுக் கேட்ட ஊர்கள் பலவற்றில் பாடுவதற்கு ஆளே இல்லாமல் போயிற்று. காரின் என்று ஊர்ப்பெயர் போட்ட அந்த நடனத்தை இன்று காரினில் போய்க் கேட்க முடியாது. பழுப்பேறிய அந்தப் பக்கத்தில்தான் அது இருக்கிறது, ஏற்காட்டில் ஒரு ஸ்டூலுக்குள்.

அவர் அமைத்த பாட்டுகளில் ஊரைவிட்டுப் போனவன் ஒருவன் வானத்தில் போகும் நாரையைப் பார்த்து, எங்கள் நாட்டிலிருந்து ஏதாவது சேதி கொண்டுவந்தாயா என்று கேட்கும் பழைய பாட்டு ஒன்று உண்டு. நாரைக்கு அவர்கள் மொழியில் க்ரூங்க். அந்த அம்மா அதன் பொருளைச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு நம் சத்திமுத்தப் புலவர் ஞாபகம் வந்துவிட்டது, மதுரையில் குளிரில் நடுங்கிக்கொண்டு செங்கால் நாரையிடம் மனைவிக்குச் சேதி சொல்லி அனுப்பியவர். நம்மவர் சேதி அனுப்புகிறார், அவர்கள் ஆள் சேதி கேட்கிறார். நாரை ஒன்றேதானோ என்னவோ.

இவர்களுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது கேட்டால், சென்னைக்குப் போய்ப் பாருங்கள் என்பேன். பியானோக் கம்பி வாங்க பாரிமுனைக்குப் போகும்போதெல்லாம் நான் கடந்துபோன தெரு அரண்மனைக்காரன் தெரு. அங்கே எந்த ராஜாவின் அரண்மனை இருந்தது என்று பல வருடம் யோசித்திருக்கிறேன். அரண்மனை எதுவும் இல்லை. ஆர்மீனியக்காரன் தெரு என்பது நம் வாயில் தேய்ந்து அப்படி ஆகிவிட்டது! அங்கே 1772-ல் கட்டிய ஆர்மீனிய தேவாலயம் இன்னும் இருக்கிறது, தனியாக நிற்கும் கோபுரத்தில் ஆறு மணிகள். நடக்கிற தரையெல்லாம் கல்லறைக் கற்கள், என் பியானோ அம்மாவின் புத்தக அட்டையில் இருந்த அதே குதிரை லாட எழுத்து. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டுதான் நடந்தேன். அங்கே அடக்கமாகியிருக்கும் ஹருத்யூன் ஷ்மாவோன்யான் என்ற பாதிரியார்தான் 1794-ல் மதராஸில் ஆர்மீனிய மொழியில் ஒரு பத்திரிகை நடத்தினார். உலகத்தில் எங்குமே ஆர்மீனிய மொழியில் வெளிவந்த முதல் பத்திரிகை அது. அவர்கள் நாட்டில் அச்சேறவில்லை, நம் ஊரில் ஏறியது. நீங்களும் பத்திரிகைக்காரர், உங்களுக்கு இது சந்தோஷமாக இருக்கும் என்று தோன்றியது.

இனி என் வேண்டுகோள். உங்கள் ஞாயிறு இணைப்பில் ராசிபலனுக்குக் கீழே கால் பக்கம் காலியாகத்தான் இருக்கிறது, விளம்பரம் இல்லாத வாரங்களில் அங்கே ஒரு பூப்படம் போடுகிறீர்கள். அந்த இடத்தில் வாரம் ஒரு பாட்டு போடுங்கள். சொல் மட்டும் வேண்டாம். மேலே ஸ்வரம், கீழே சொல். எந்த ஊர், எந்த வேலை, எத்தனை பேர் சேர்ந்து பாடுவது, எதைக் கையில் வைத்துக்கொண்டு பாடுவது. ஸ்வரம் எழுதத் தெரிந்தவர்கள் சேலத்தில் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள், வீட்டில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லித்தரும் பெண்களைக் கேட்டாலே போதும். சரளி வரிசை தெரிந்த எவருக்கும் தாலாட்டை எழுதத் தெரியும், அம்புக்குறியை நான் காட்டித்தருகிறேன். மலைக்குப் போக முடியாதவர்கள் அம்மாப்பேட்டைக்குப் போகட்டும். தறிக்குழியில் உட்கார்ந்து பாடியவர்கள் அங்கே இன்னும் இருக்கிறார்கள். தெலுங்கில் பாடினாலும் எழுதுங்கள், கன்னடத்தில் பாடினாலும் எழுதுங்கள், சௌராஷ்டிரத்தில் பாடினாலும் எழுதுங்கள். கோமிதாஸ் ஆர்மீனியப் பாட்டோடு நிற்கவில்லை, பக்கத்து ஊர்க் குர்துகளின் பாட்டையும் எழுதி வைத்தார்.

அதன் பிறகு பியானோவில் வாசிக்கட்டும், கிடாரில் வாசிக்கட்டும், யார் வேண்டுமானாலும் என்ன வேண்டுமானாலும் செய்யட்டும். கோடை விழா நடத்துபவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். அடுத்த மே மாதம் மேடையில் அந்தப் பெண்களே முதலில் பாடட்டும், நின்றபடி, கைதட்டியபடி, ஒலிபெருக்கி இல்லாமல். அது முடிந்து அந்த இளைஞர் வாசிக்கட்டும். இரண்டையும் ஒரே காதில் கேட்டால் எங்கே சுளிக்க வேண்டும், எங்கே தலையாட்ட வேண்டும் என்று சபைக்கே தெரிந்துவிடும். அவருக்கும் தெரிந்துவிடும். அந்தப் பியானோவுக்குச் சுருதி சேர்க்க நான் கூலி கேட்க மாட்டேன், பஸ் டிக்கெட்டுக்கு மட்டும் கொடுத்தால் போதும்.

ஆயா சொல்லி அனுப்பியிருக்கிறார், சாமை அறுப்புக்கு ஆள் சேர்ந்துவிட்டதாம். பாட்டு வேண்டுமென்றால் காட்டுக்கு வரச் சொல்கிறார், பெட்டியைத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம் என்கிறார். சும்மா நிற்கிறவன் முன்னால் யாரும் பாட மாட்டார்கள், ஆகவே எனக்கும் ஓர் அரிவாள் கொடுப்பார்களாம். அறுபத்து நாலு வயதில் குனிந்து அறுத்துக்கொண்டு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ஒரு வரி அறுத்துவிட்டு ஒரு வரி எழுதுவதாக உத்தேசம். புதன்கிழமை முதல் பஸ்ஸில் போகிறேன்.

இங்ஙனம்,
ஆர்மோனியம், பியானோ பழுதுபார்ப்பவன்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.

பின்குறிப்பு: விழா நடந்த மண்டபத்துப் பியானோவில் நடு ச-வுக்கு மேலே இரண்டாவது கறுப்புக் கட்டை அழுத்தினால் எழும்புவதில்லை. அன்றைக்குப் பாட்டு நடுவில் இரண்டு முறை பல் போனது போலக் கேட்டது அதனால்தான். அதற்கு வாசித்தவர் பொறுப்பில்லை, ஐப்பசி ஈரம்.